அறுநூற்று நாற்பது

ஒத்தக்கடைக்கு வீடு மாறிய ஏழாம் மாசம்
ஹீட்டரைக் கழற்றிக் கவிழ்த்தான் சிக்கந்தர்.
காயிலைக் காணோம்.
வெள்ளையாய் ஒரு பனங்கிழங்கு விழுந்தது.
'இதுக்குள்ளதான் இருக்கு, டீச்சர்.'

அதற்கு முன்பே ஷவர்
ஒரு துளை வழியாக மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
கொடியில் சட்டைகள் ஆளில்லாமலே விறைத்து நின்றன.
நாலு விசிலுக்கும் பருப்பு மசியவில்லை.
நிலானி சீப்பைத் தூக்கிக்கொண்டு வந்து
கணக்குக் காட்டுவாள்:
இன்னைக்கு முப்பத்தொண்ணு.

விற்பவர்கள் வந்தார்கள்.
டை கட்டிய பையன் இரண்டு கம்பிகளை
டம்ளருக்குள் விட்டு ஸ்விட்சைத் தட்டினான்.
தண்ணீர் சுக்குக் கஷாயமாயிற்று.
'இதத்தான் குடிச்சிட்டிருக்கீங்க.'
நான் ப்ளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவள்.
'உன் கம்பிதான் கரையுது, தம்பி' என்றேன்.
காபி குடித்துவிட்டுப் போனான்.

இன்னொருவர்
குழாயில் காந்தம் கட்டச் சொன்னார்.
உப்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம்,
ஒன்றுமே செய்ய வேண்டாம்.
அதுவும் ஒன்றுமே செய்யாது என்பதை
மட்டும் விட்டுவிட்டார்.

அருள்தாசன் டிடிஎஸ் மீட்டரை
வாட்ச் மாதிரிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
'மாட்டுனா இந்த நம்பர் எறங்கும்ல?'
இறங்காது என்று எத்தனை முறை சொல்ல.
மாட்டுத்தாவணி பஸ்ஸில்
முரட்டு ஆள் ஒருத்தர் எழுந்துபோன சீட்டில்
இரண்டு ஒல்லிப் பிள்ளைகள் நெருக்கி உட்காருவார்கள்.
போனது கால்சியம். வந்தது சோடியம்.
கூட்டம் குறையாது;
முழங்கை இடிப்பதுதான் நிற்கும்.

சிக்கந்தர் எதையும் விற்கவில்லை.
'மொதல்ல தண்ணிய டெஸ்டுக்குக் குடுங்க' என்றான்.
காகிதம் வந்தது: கடினத்தன்மை அறுநூற்று நாற்பது.
பழைய வினாத்தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ஐந்து பேர், ஆளுக்கு எட்டு வாளி.
அறுநூறு லிட்டர்.
ஒரு நாளைக்கு முந்நூற்று எண்பது கிராம் சுண்ணாம்பு.
மாசத்துக்குப் பதினோரு கிலோவுக்கு மேல்.
பேனாவை வைத்துவிட்டு
ஜன்னல் வழியே யானைமலையைப் பார்த்தேன்.
எங்கள் தலைமேல் தினமும் கொஞ்சம்
பூச்சு வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது,
கொத்தனார் கூலி இல்லாமல்.

இருபத்தைந்து லிட்டர் ரெசின் போதும்.
மூன்று நாளுக்கொரு முறை அதைக் கழுவ
மூன்று கிலோ உப்பு.
தண்ணீரில் உப்பு என்று அழுதவர்கள்
மாசம் ஒரு மூட்டை உப்பு வாங்கப் போகிறோம்.
அருள்தாசன் சிரித்தார். நானும்தான்.

பிறகுதான் லூர்துமேரி
மதில்மேல் மோவாயை வைத்துக் கேட்டாள்:
'கழுவுன தண்ணி எங்க போகும்?'

எந்த நோட்டீஸிலும் அது இல்லை.
அந்தத் தண்ணீர் சரிந்து போகிற திசையில்
நிறைமாசமாய் நின்றது அவள் கொய்யா.

நாற்பது அடி பைப், மூன்று முழங்கை,
தெருச் சாக்கடை வரை.
நாலாயிரம் கூடுதல்.
தோட்டத்துக்குப் பழைய தண்ணியே போகட்டுமென்று
ஒரு குழாயைப் பிரித்துவிட்டோம்.
அத்தைக்கு பிபி; அடுப்படிக்கு கேன்.
மாடிக்கும் துவைப்புக்கும்தான் மெஷின்.
சரியான மெஷின் எதுவென்று தேடி
மூன்று மாசம் அலைந்த பிறகு,
எந்தக் குழாயில் வேண்டாம் என்பதில்
ஒரு சாயங்காலத்தில் முடிந்தது.

முதல் நாள் நான்தான் குளித்தேன்.
இத்தனூண்டு சோப்புக்கு இவ்வளவு நுரை.
ஊற்றினேன். வழுக்கியது.
இன்னும் ஊற்றினேன். இன்னும் வழுக்கியது.
ஒரு வாளி முடிந்து இரண்டாவதும் பாதி ஆனது.
சோப்பு போய்விட்டது என்று தெரியும்.
சமன்பாடு எழுதிக் காட்டவும் தெரியும்.
நாற்பத்தாறு வருஷம்
போர் தண்ணீரில் குளித்த தோல் மட்டும்
நம்ப மாட்டேன் என்கிறது.

வெளியே நிலானி கதவைத் தட்டுகிறாள்,
கையில் சீப்போடு.